அக்கரைச் சராசரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வாலும் சௌக்கியம்தானே என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும், அதுதான் முறை, ஆனால் சௌக்கியம் இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படிக் கேட்க எனக்குக் கை வரவில்லை. போனில் பேசலாமே என்பாய். போனில் என்னத்தைப் பேசுவது. நான் கூப்பிட்டால் மாப்பிள்ளை ஆசையோடு ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், மூன்று பேரும் சேர்ந்து ஹலோ சொல்கிறீர்கள், நீ எல்லாரும் நல்லா இருக்கோம்மா என்று செய்தி வாசிக்கிறவள் மாதிரி சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று வைத்துவிடுகிறாய். உன் அடுப்பில் தினமும் ஏதாவது கருகிக்கொண்டே இருக்கிறது. எழுதி அனுப்பினாலோ ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். நாளைக்கு உங்கள் ஊருக்குத் திரும்புகிற வெல்டரிடம், உன் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். முதலில் நீ தனியாகப் படி, பிறகு மாப்பிள்ளையிடம் காட்டுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

வெல்டர் லீவில் வந்திருந்தவர், போன வாரம் பேண்ட்டுக்கு இடுப்புப் பிடிக்க நம் தையல் கடைக்கு வந்தார். உங்கள் ஊர்த் துறைமுகத்தில் வேலை பார்க்கிறவராயிற்றே, விடுவேனா, உட்கார வைத்து உங்களைப் பற்றி விசாரித்தேன். அவர் வெள்ளந்தி மனுஷர், எதைச் சொல்ல வேண்டும் எதை மறைக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் கிடையாது. லீவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு வந்ததைச் சொன்னார். உங்க பேத்தி தண்ணித் தொட்டியவே குடிச்சுத் தீர்த்துடுவா போல இருக்கு, ஒரு செம்பு குடிச்சுட்டு ஓடுறா, வந்து மறுபடியும் குடிக்கிறா, ஆளும் நல்லா வத்திப்போயிட்டா, வளர்ற பிள்ளைங்க எல்லாம் அப்படித்தானே என்று சிரித்தார். நான் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டேன். சர்க்கரை உள்ள பிள்ளை தண்ணீர் தண்ணீராகக் குடித்து உடம்பு வற்றினால் என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். வாலுக்கு இந்த நோய் என்று தெரிந்த புதிதில், கிழவர்களுக்கு வருகிற வியாதி பச்சைப் பிள்ளைக்கு எப்படிடி வரும் என்று நான் சண்டை போட்டபோது, இது வேறம்மா, இவளுக்கு உடம்புல இன்சுலின் சுரக்கவே இல்ல, ஊசி குறைஞ்சா சாப்பிட்டது எதுவும் ஒட்டாது, தண்ணி தண்ணியாப் போகும், அப்புறம் மூச்சு வாங்கும், அப்புறம் மயக்கம்தான் என்று வரிசையாகச் சொன்னாய். அந்த வரிசையில் வாலு இப்போது எங்கே நிற்கிறாள் என்று நான் கேட்காமலே தெரிகிறது. நீ ஊசியின் அளவைக் குறைத்துவிட்டாய். மருந்தை நாள் கடத்தி வைத்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு பாதி போடுகிறாய்.

அதோடு போகவில்லை. பேண்ட்டை வாங்கிக்கொண்டு படி இறங்கும்போது வெல்டர் திரும்பி நின்று, உங்க மக வீட்டுக்குத் துணி துவைக்க வர்ற அக்காவோட பொண்ணு செத்ததுலேர்ந்து உங்க மக யார்கிட்டயும் சரியாப் பேசுறது இல்ல, நீங்க கொஞ்சம் தைரியம் சொல்லுங்க என்றார். நீ என்னிடம் சொல்லவே இல்லையே. வாலும் அந்தப் பெண்ணும் ஒரே ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசி போட்ட தொடையைத் தேய்த்துக்கொண்டே சொட்டாங்கல் ஆடுவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இவளுக்கு அந்த ஊர்ப் பாஷை வராது, அவளுக்கு நம் பாஷை வராது, ஆனாலும் இரண்டும் ஓயாமல் பேசுகிறதுகள் என்று சொல்லிச் சிரித்தாய். அந்தப் பிள்ளை போய்விட்டது என்பதை நான் ஒரு வெல்டர் வாயிலிருந்து, கடை வாசலில் நின்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. உன்மேல் கோபம் இல்லை. சொன்னால் அம்மா அடுத்த கேள்வி என்ன கேட்பாள் என்று பயந்து மறைத்திருக்கிறாய். அந்த அக்காவும் பாதி ஊசிதானே போட்டாள். அதுதானே என் அடுத்த கேள்வி.

ஆஸ்பத்திரியில் இலவச மருந்தை நிறுத்திய அன்று நீ எனக்குப் போன் செய்து அழுதது இன்னும் காதில் இருக்கிறது. ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கென்று எங்கிருந்தோ வருகிற மருந்து அது, நாட்டில் தலைக்கு இவ்வளவு வருமானம் என்று ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறார்கள், கோட்டுக்குக் கீழே இருந்தால்தான் கொடுப்பார்கள், இந்த நாட்டோட சராசரி வருமானம் அந்தக் கோட்டைத் தாண்டிடுச்சு, இனிமே காசு கொடுத்துத்தான் வாங்கிக்கணும் என்று டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம். அந்த அக்கா, "யார் தாண்டினது? நான் இங்கேயேதானே நிக்கிறேன்" என்றாளாம். அன்றைக்கு நாம் இரண்டு பேரும் அதைக் கேட்டு அழுகையோடு கொஞ்சம் சிரிக்கவும் செய்தோம். யார் தாண்டினது என்று இப்போது தெரிகிறது. அந்த நாட்டில் எடுக்கிற எண்ணெயை ஏற்றிப்போகிற கப்பல்கள் எல்லாம் சேர்ந்து தாண்டிப் போயிருக்கின்றன, அவள் பிள்ளையின் மருந்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கின்றன.

இந்தச் சராசரி என்கிற சனியன் நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று உனக்கும் நினைவிருக்கும். மாப்பிள்ளையின் பம்புசெட் கம்பெனி ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றின் இரண்டு பக்கமும் கிளை திறந்து, இந்தக் கரை நாடா அந்தக் கரை நாடா, எது வேண்டும் என்று கேட்டது. ஒரு கரையில் எண்ணெய் எடுக்கிறார்கள், இன்னொரு கரையில் பருத்தியும் கடலையும் விளைகின்றன, அதற்குமேல் நமக்கு என்ன தெரியும். உன் சித்தப்பா இருக்கிறாரே, பொருளாதார வாத்தியார், அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து, இதெல்லாம் குத்துமதிப்பாக முடிவு செய்கிற விஷயம் இல்லை என்று இரண்டு நாட்டின் வருமானத்தையும் ஜனத்தொகையால் வகுத்து, பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தார். எண்ணெய் நாட்டில் தலைக்கு வருமானம் பருத்தி நாட்டைப்போல ஏறக்குறையப் பத்து மடங்கு. எண்ணெய்க் கரையில் ஒரு ஆள் பருத்திக் கரையில் பத்து ஆளுக்குச் சமம் என்றார். கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் உச்சி குளிர்ந்துவிட்டது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தெருவில் யார் எதிரே வந்தாலும் பத்து மடங்கு பத்து மடங்கு என்று தம்பட்டம் அடித்தோம். மாப்பிள்ளை பத்து மடங்கு நாட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். இரண்டு கரையிலும் கம்பெனி கொடுக்கப்போவது ஒரே சம்பளம்தான் என்பதை ஒருத்தராவது யோசிக்க வேண்டுமே, இத்தனை பெரிய தலைகள் இருந்து என்ன பிரயோஜனம். அந்தப் பத்து மடங்கு, வாடகையில் வந்தது, மருந்துக்கடையில் வந்தது, சம்பளக் கவரில் மட்டும் வரவில்லை.

வெல்டர் வந்துபோன அன்று சாயங்காலம் சித்தப்பா வந்தார். வாலுவைப் பற்றிச் சொன்னேன். விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் பத்து மடங்கு வராது, ஒரு நாலு மடங்குதான் வரும், அப்படிப் பார்த்தாலும் எண்ணெய் நாடுதான் மேலே இருக்கிறது என்று ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூத்தவர் இளையவர் என்றெல்லாம் பார்க்கவில்லை, சராசரிக்கு ஊசி போட முடியுமா தம்பி, பிள்ளைக்குத்தானே போடணும் என்று கேட்டுவிட்டேன். பாவம், அவர் முகம் விழுந்துவிட்டது. அவரும் வாலுவைத் தோளில் தூக்கிச் சுமந்தவர்தானே, என்ன செய்வது என்று தெரியாமல் தெரிந்ததைப் பேசுகிறார். உன் அப்பா மட்டும் தையல் மிஷினைப் பார்த்துக்கொண்டே, நான் ஒரு தடவை ஸ்கூல் சட்டைக்கு சராசரி எடுத்தேனே, அதுதான் ஞாபகம் வருது என்றார். உனக்குத் தெரியுமே அந்தக் கூத்து. ஒரு வகுப்புக்கே அளவெடுக்கச் சோம்பல்பட்டு, கொஞ்சம் பேரை அளந்து கூட்டி வகுத்து எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்துத் தள்ளினார். குண்டனுக்குப் பொத்தான் சேரவில்லை, ஒல்லிக்கு அது அங்கி மாதிரி தொங்கியது, அந்த அளவுக்குச் சரியான பிள்ளை வகுப்பில் ஒன்றுகூட இல்லை. கடைசியில் எல்லாச் சட்டையையும் பிரித்து மறுபடி தைத்தார். சட்டையைப் பிரிக்கலாம்.

இங்கேயிருந்து மருந்து அனுப்பிப் பார்த்த கதையையும் நீ மறந்திருக்க மாட்டாய். முதல் தடவை உன் அப்பா, குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, அக்கறை தாங்காமல் ஐஸ் கட்டி உறைகிற தட்டிலேயே வைத்துக் கல்லாக்கிவிட்டார். உறைந்த மருந்து செத்த மருந்து, உருகினாலும் வேலை செய்யாது என்று மருந்துக்கடைக்காரர் பிற்பாடு திட்டினார். அந்த நாட்களில் வாலுக்கு ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை, நீ தலைகால் புரியாமல் தவித்தாய். இரண்டாம் தடவை அனுப்பியது சுங்கத்தில் மாட்டி, வெயிலில் கிடந்து வீணாகிவிட்டது. இந்தத் தடவை வெல்டரின் கைப்பையில், அகல வாய் பிளாஸ்க்கில், குளிர்ந்த தண்ணீருக்கு நடுவில் டப்பாவில் வைத்து அனுப்புகிறேன், ஐஸ் வைக்கவே இல்லை. மருந்துக்கடைக்காரரே உட்கார்ந்து அடுக்கிக் கொடுத்தார், சுங்கத்தில் காட்ட டாக்டர் சீட்டும் கூடவே இருக்கிறது. இது ரொம்ப நாளைக்கு வராது. ஆனால் நான் இப்போது சொல்லப்போவது நடக்கிறவரைக்கும் வரும், அதனால் முழு அளவு போடு.

நான் சொல்லப்போவது இதுதான். அன்றைக்கு டாக்டர் உங்களை வெளியே அனுப்பிவிட்டு, பின்னாலேயே வராந்தாவுக்கு வந்து, ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடுங்க, அங்க குழந்தைங்க ஆஸ்பத்திரியில இன்னும் குடுக்குறாங்க, அந்த நாடு கோட்டுக்கு ரொம்பக் கீழே இருக்கு என்று காதோடு சொன்னாரே. துணி துவைக்கிற அக்காவுக்கு அக்கரையில் யாரும் இல்லை, கைப்பிள்ளையை வேறு வைத்துக்கொண்டு எங்கே போவாள், போகவில்லை. நீயும் போகவில்லை. பிள்ளை அந்த நாட்டில் குடியிருக்க வேண்டும், பள்ளியில் பெயர் இருக்க வேண்டும், பொறுப்பாக ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதியாம், மாப்பிள்ளை மாற்றல் கேட்டால்தான் முடியும் என்றாய். மாப்பிள்ளை கேட்கவில்லை. அந்தக் கரையிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இந்தக் கரைக்கு வந்து இறங்குகிறார்கள், நான் மட்டும் எதிர்ப்பக்கம் படகு ஏறுவதா, ஊரில் என்ன சொல்லுவார்கள் என்றாராம். நான் அவரைக் குறை சொல்லவில்லை. மோட்டார் சைக்கிளை விற்று மருந்து வாங்கியவர், மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வயிறு சரியில்லை என்று உன்னிடம் பொய் சொல்கிறவர், அவருக்கா பிள்ளைமேல் பாசம் இல்லை. பத்து மடங்கு என்று நாங்கள் அடித்த தம்பட்டம் அவர் கழுத்தில் மாட்டிக்கொண்டு கழற்ற முடியாமல் கிடக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்று அவர் பயப்படுகிற ஊர் நான்தானே. அந்த ஊர் சொல்கிறது, ஐயா, நீங்கள் எந்தக் கரையில் நின்றாலும் எனக்கு மாப்பிள்ளைதான். மாற்றல் கேளுங்கள். கிடைக்கத் தாமதமானால் ஆகட்டும், அதுவரை பிள்ளை காத்திருக்க மாட்டாள் என்பதால் நான் வருகிறேன்.

ஆமாம், நான்தான் வருகிறேன். படித்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொள்ளாதே. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டாலே வாந்தி எடுக்கிறவள் விமானத்தில் எப்படி வருவாய் என்று உன் அப்பா கேட்டாகிவிட்டது, வாந்தி எடுத்துக்கொண்டே வருவேன் என்று பதிலும் சொல்லியாகிவிட்டது. ஓவர்லாக் மிஷினை விற்றுவிட்டோம், இனி ஓரத்தைக் கையால் தைத்துக்கொள்வதாக அவர் சொல்கிறார். விசாவுக்கு முதலில் உங்கள் நாட்டு ஆபீசுக்குத்தான் போனேன். அங்கே இருந்தவர் என் பேங்க் கணக்கைக் கேட்டார், வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முடியாது என்றார். பருத்தி நாட்டு ஆபீசில் ஒரு அம்மாள் இருந்தாள், எதற்குப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். பேத்திக்கு உடம்பு சரியில்லை என்றேன். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை கம்பெனியின் பழைய சாமான் அறை ஒன்று காலியாகக் கிடக்கிறது, ஒரு ஜன்னலும் தகரக் கூரையும் உண்டு என்று வெல்டர் சொல்கிறார், அவருடைய கூட்டாளி ஒருவர் அங்கே இருக்கிறாராம், பேசி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாலுவை அங்கே பள்ளியில் சேர்க்கிறோம், பொறுப்பான பெரியவள் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். பொய் எதுவும் இல்லை, நாங்கள் அங்கேயேதான் இருக்கப்போகிறோம். எவ்வளவு காலம் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. ஒரு நாள் அந்த நாடும் கோட்டைத் தாண்டினால் என்ன செய்வது என்று சித்தப்பா கேட்டார். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. ஒரு நாடு பணக்கார நாடாகிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன் பார், அந்த ஊர்ப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள், எப்பேர்ப்பட்ட வேண்டுதல் இது.

படகு நடு ஆற்றைத் தாண்டினால் போதும், அதில் இருக்கிறவர்களின் தலைக்கு வருமானம் பத்தில் ஒன்றாகிவிடும், பிள்ளைக்கு மருந்து கிடைத்துவிடும். உடுத்திய துணி அதேதான், பையில் இருக்கும் காசு அதேதான். இதை எந்த மடையன் கண்டுபிடித்தான் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க நமக்கு நேரம் இல்லை, தாண்டிவிடு. வரும்போது ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வா. வழியில் சர்க்கரை சடாரென்று இறங்கிவிட்டால் கொடுக்க இனிப்பு ஏதாவது உன் இடுப்பிலேயே வைத்துக்கொள், பைக்குள் போட்டுவிட்டுத் தேடாதே. வாலுக்குத் தொப்பி போடு. அந்த அக்காவைப் போய்ப் பார்த்துவிட்டு வா, வெறுங்கையோடு போனாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வா. நீ அவளுக்கு முகம் கொடுக்க முடியாமல் ஒளிந்துகொண்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். உன் பிள்ளை இருக்கிறாள், அவள் பிள்ளை இல்லை, அது உன் குற்றம் இல்லை. ஆனால் அவள் வாசலைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போகாதே. நீயும் வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைக்கு வயிறு சரியாகத்தான் இருக்கிறது, அவருக்கும் போடு.

என் ஆயுசில் மிச்சம் இருப்பதையும் கடவுள் வாலுக்கே கொடுக்கட்டும், அவள் நன்றாக இருக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழாமல் இருங்கள், இது பழி போட்டுக்கொள்கிற நேரம் இல்லை. திரும்பவும் சொல்கிறேன், கடிதத்தை மடித்து வைத்ததும் முதல் வேலையாக டாக்டர் சொன்ன முழு அளவையும் போடு. மூச்சு வாங்கினால் எந்தச் செலவையும் பார்க்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடு, என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே. நான் வருகிற சனிக்கிழமை காலையில் அக்கரைப் படகுத்துறையில் இருப்பேன். முதல் படகில் நீங்கள் இல்லாவிட்டால் அடுத்த படகுக்கு நிற்பேன், அன்றைக்கு வராவிட்டால் மறுநாளும் நிற்பேன். எனக்கு அந்த ஊரில் ஒருத்தரையும் தெரியாது, பாஷையும் தெரியாது, பேத்தி வரவேண்டும் என்று சொல்லக்கூடத் தெரியாது. பிள்ளையைக் கொண்டுவந்து விடு.

இப்படிக்கு,
உன் அம்மா